உண்ணிச்செடியைத் தின்னப் போன இறகுப்பூச்சி

கேள்வி: உண்ணிச்செடியை ஒழிக்க ஹவாய்த் தீவுகளுக்குப் பூச்சிகளைக் கொண்டுபோனார்களாமே? பூச்சியால் ஒரு செடியை அழிக்க முடியுமா?
– ஒரு வாசகி, கூடலூர்

பதில்: கொண்டுபோனது உண்மைதான். போனவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு இறகுப்பூச்சி. துவரை போடுபவர்களுக்கு இதன் உறவுக்காரனைத் தெரிந்திருக்கும், காயைத் துளைக்குமே அதுதான். உட்காரும்போது சிறகுகளைச் சுருட்டி இரண்டு பக்கமும் குச்சி மாதிரி நீட்டிக்கொள்ளும், பார்த்தால் கொசு என்றே நினைப்போம். விரித்தால்தான் முன்சிறகு இரண்டாகவும் பின்சிறகு மூன்றாகவும் பிளந்து, ஓரமெல்லாம் மயிர் வைத்து, கோழி இறகு போலவே இருப்பது தெரியும். அவ்வளவு அழகு!

1858-ல் உண்ணிச்செடியை அழகுக்காக ஹவாய்க்குக் கொண்டுவந்தவர் ஹில்லெப்ராண்ட் என்ற ஜெர்மன் மருத்துவர். 1865-ல் பயிரைத் தின்னும் புழுக்களைப் பிடிக்கட்டும் என்று நம் மைனாவையும் அவரே வரவழைத்தார். அந்த மைனா உண்ணிப்பழத்தைத் தின்று விதையை மேய்ச்சல் நிலமெங்கும் போட, செடி புதராக மண்டிவிட்டது. அப்புறம் 1902-ல் ஆல்பர்ட் கோபலே என்ற பூச்சி ஆய்வாளர் மெக்சிகோவில் தேடித் தேடி 23 வகைப் பூச்சிகளைப் பிடித்து அனுப்பினார். எட்டு வகை பிழைத்தன, அதில் இந்த இறகுப்பூச்சியும் ஒன்று. எந்தக் கண்டத்திலிருந்து பார்த்தாலும் ஹவாய் 3,000 கிலோமீட்டருக்கு மேல் கடல் தாண்டி இருக்கிறது, விரல்நகம் அளவுகூடத் தேறாத பூச்சி அங்கே போய்க் குடும்பம் நடத்துகிறது.

சரி, செடி அழிந்ததா? இல்லை. இறகுப்பூச்சியின் புழு பூங்கொத்தின் அடியைக் குடைந்து தின்னும், பூ கொட்டும், விதை குறையும், அவ்வளவுதான். தண்டையும் வேரையும் தொடாது. வெட்டிப்போட்ட கட்டையிலிருந்தே துளிர்க்கிற செடிக்குப் பூ போனால் என்ன? கூடவே வந்த, இலைச்சாற்றை உறிஞ்சும் பூச்சி போன்றவையும் சேர்ந்துதான் வறண்ட பகுதிகளில் அதைக் கொஞ்சம் அடக்கின. மழை அதிகமுள்ள பக்கம் இன்னமும் தொல்லைதான்.

இந்த இறகுப்பூச்சி இந்தியாவிலும் உண்டு. வாடின உண்ணிப்பூங்கொத்து ஒன்றைக் கிள்ளி, அடியைப் பிளந்து பாருங்கள், புழு இருந்தாலும் இருக்கும். ஆனால் உங்கள் தோட்டத்துப் புதரை அதை நம்பி விட்டுவிடாதீர்கள். மழை பெய்து மண் இளகியிருக்கும்போது, பழம் பழுப்பதற்கு முன்னால், வேர்க்கட்டையோடு பிடுங்கிவிடுங்கள்.