வாயில் வெண்கோடு, எரிச்சல்: புற்றுநோய் ஊசி இதற்கும் உதவுமா?

கேள்வி: வயது 51. இரண்டு கன்னங்களின் உட்புறமும் வலை மாதிரி வெள்ளைக் கோடுகள். இடது பக்கம் சிவந்து புண்ணாகி, ரசம் பட்டாலே எரிகிறது. பயாப்ஸியில் லைக்கன் பிளானஸ் என்று வந்தது. புற்றுநோய்க்குப் போடும் பிடி-1 ஊசி எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுமாமே, நானும் போட்டுக்கொள்ளலாமா?
- வாசகி, மாட்டுங்கா, மும்பை

பதில்: வேண்டவே வேண்டாம். எதிர்ப்புச் சக்தி குறைந்ததால் வந்த நோய் அல்ல இது. நோய் எதிர்ப்புப் படையின் வெள்ளணுக்களான சிடி8 வகை டி செல்கள் கன்ன உட்தோலின் அடியடுக்கையே தாக்கி அழிப்பதால் வருவது.

டி செல்லுக்கு பிடி-1 ஒரு பிரேக். எதிரே இருக்கும் செல், பிடி-எல்1 என்ற புரதத்தால் அதை அழுத்தும். தாக்கும் டி செல்கள் இன்டர்ஃபெரான் காமா என்ற சமிக்ஞைப் புரதத்தை வெளிவிடும். அதுவே தோல் செல்களில் பிடி-எல்1-ஐக் கூட்டுகிறது. அடி வாங்கும் திசு, அடியை நிறுத்தப் பார்க்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். லைக்கன் பிளானஸ் திசுவில் பிடி-1, பிடி-எல்1 இரண்டுமே கூடுதலாகத்தான் காணப்படுகின்றன. ஆனால் அது போதவில்லை. நீங்கள் கேட்ட பிடி-1 ஊசிகளான நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் இருக்கிற பிரேக்கையும் எடுத்துவிடும். புற்றுநோயில் அது வரம். இந்த வழிக்கு அடித்தளமிட்ட விஞ்ஞானிகள் ஹோன்ஜோ, அலிசன் இருவருக்கும் 2018-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அந்த ஊசி போட்ட சிலருக்கு உங்களுக்கு இருப்பது போன்ற வெண்கோடும் புண்ணும் புதிதாகவே வருகின்றன.

உங்களுக்கு வேண்டியது புண் இருக்கும் இடத்தில் மட்டும் தாக்குதலை அடக்கும் மருந்து. வழக்கமாக 0.1% டிரையம்சினலோன் என்ற ஸ்டீராய்டு வாய் பேஸ்ட்டில் தொடங்குவோம். 'போட்டும் கேட்கவில்லை' என்பவர்களில் பலர் அதைத் தேய்த்திருப்பார்கள். தேய்த்தால் மணல் மணலாக உதிர்ந்துவிடும். சாப்பிட்டு வாய் கொப்பளித்து, காஸ் துணியால் ஈரத்தை ஒற்றியெடுத்து, விரல் நுனியால் மெல்லிய படலமாக ஒற்றி வையுங்கள். அரை மணி நேரம் தண்ணீர்கூட வேண்டாம். பகலில் இரண்டு தடவை, படுக்கும்முன் ஒரு தடவை. இரண்டு வாரத்தில் எரிச்சல் குறையாவிட்டால் அதைவிட வீரியமான ஸ்டீராய்டான 0.05% குளோபெட்டசால் ஜெல்லுக்கு மாறுவதை டாக்டர் முடிவு செய்வார். எரிச்சல் போனால் போதும். எரியாத வெண்கோட்டுக்கு மருந்து தேவையில்லை.

மருந்து போடும் நாட்களில் துடைத்தால் வந்துவிடும் வெள்ளைப் படலம் தெரிந்தால் அது கேண்டிடா பூஞ்சை. அதற்குத் தனி மருந்து உண்டு. லைக்கன் கோடு துடைத்தால் போகாது.

புண்ணை ஒட்டி வெள்ளி அடைப்புப் பல் இருக்கிறதா, பிரஷர் மாத்திரை தொடங்கியபின் வந்ததா என்பதையும் சொல்லுங்கள்; இரண்டுமே இதே தோற்றத்தைத் தரும். ஊறுகாய், மிளகாய்ச் சட்னியைத் தள்ளி வையுங்கள். பாக்கு பழக்கம் இருந்தால் அறவே விடுங்கள்.

லைக்கன் பிளானஸ் உள்ளவர்களில் ஏறக்குறைய நூற்றில் ஒருவருக்குப் பிற்காலத்தில் வாய்ப் புற்று வரலாம். அதனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை தவறக்கூடாது. மும்பை சென்ட்ரலில் உள்ள நாயர் பல் மருத்துவக் கல்லூரியில் காட்டலாம். புண்ணின் ஓரம் கெட்டியானாலோ, மூன்று வாரத்துக்கு மேல் ஒரே இடத்தில் ஆறாமல் நின்றாலோ ஆறு மாதம் காத்திராமல் உடனே போய் மறுபடி பயாப்ஸி எடுத்துவிடுங்கள்.