நாலு வருடம் என்கிறார் ஏஜென்ட். ஐந்தாவது வருடத்தைக் கேளுங்கள்

கேள்வி: என் மகள் கோவையில் எம்.எஸ்சி. உளவியல் முடித்திருக்கிறாள். அமெரிக்காவில் கிளினிக்கல் சைக்காலஜி முனைவர் படிப்புக்கு (சை.டி.) ஒரு கன்சல்டன்சி மூலம் இடம் கிடைத்திருக்கிறது. ‘ஜி.ஆர்.இ. (நுழைவுத் தேர்வு) வேண்டாம், நாலு வருடம், முடித்ததும் அங்கேயே வேலை’ என்கிறார்கள். வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைக்கலாமா? படிப்பு அங்கே உண்மையில் எப்படி இருக்கும்? — ஒரு தந்தை, கரூர்

பதில்: பத்திரம் இப்போதைக்கு பீரோவிலேயே இருக்கட்டும். மகளுக்குத் தகுதி இல்லை என்று சொல்லவில்லை. உங்களிடம் பேசியவர் பாதிதான் சொல்லியிருக்கிறார்.

ஏஜென்ட்டுக்குச் சம்பளம் யார் தருகிறார்கள் என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் ஆள் சேர்க்கும் கல்லூரிதான் கமிஷன் தருகிறது. கட்டணத்தைத் தள்ளுபடி செய்து மாதாமாதம் உதவித்தொகையும் கொடுக்கும் பிஎச்.டி. துறைகள் அந்தப் பட்டியலில் இருக்காது. ஐந்தாறு இடத்துக்கு நூற்றுக்கணக்கில் விண்ணப்பம் குவியும் இடத்துக்குத் தரகர் எதற்கு? ஆகவே கன்சல்டன்சி காட்டுவது பெரும்பாலும் முழுக் கட்டணம் வாங்கும் சை.டி.தான். சை.டி. மட்டம் என்று நான் சொல்லமாட்டேன். நல்லவை இருக்கின்றன, ஆனால் செலவு உங்கள் தலையில்.

அடுத்து அங்கீகாரம். அமெரிக்க உளவியல் சங்கத்தின் (ஏ.பி.ஏ.) அங்கீகாரம் இல்லாத படிப்பைத் தொடவே தொடாதீர்கள். ‘அப்ளை பண்ணியிருக்கிறோம், வந்துவிடும்’ என்பது இதில் பழைய பாட்டு. விண்ணப்பிக்கும் எண்ணம் இருப்பதாகப் பதிவு செய்வது ஒன்று, அங்கீகாரம் வேறு. ஆனால் இரண்டுக்கும் நடுவில் ஒன்று உண்டு, அதில்தான் பெற்றோர் குழம்புகிறார்கள்: ‘நிபந்தனையுடன் அங்கீகாரம்’. படிப்பு புதிது, முடித்தவர்களின் கணக்கு இன்னும் போதவில்லை, குறித்த கெடுவுக்குள் காட்டு என்று ஏ.பி.ஏ. சொல்லியிருக்கிறது என்று பொருள். அந்த நிலை நடப்பில் இருக்கும்போது பட்டம் பெற்றால் அங்கீகாரம் பெற்ற படிப்பில் முடித்ததாகவே கணக்கு. கெடு முடிந்தும் கல்லூரி கணக்குக் காட்டாவிட்டால் அந்த அங்கீகாரம் போய்விடும். அதனால் இந்த வகை என்றால் கெடு எந்த வருடம் முடிகிறது, உங்கள் மகள் எந்த வருடம் முடிப்பாள் என்று இரண்டு தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். கன்சல்டன்சிக்காரரின் வாட்ஸ்அப் பிடிஎஃப் வேண்டாம், ஏ.பி.ஏ.யின் தளத்திலேயே தேடுங்கள்.

அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு படிப்பும் தன் இணையப் பக்கத்தில் ஓர் அட்டவணை போட்டாகவேண்டும். எத்தனை வருடத்தில் முடிக்கிறார்கள், எவ்வளவு செலவு, எத்தனை பேருக்கு இன்டர்ன்ஷிப் கிடைத்தது, எத்தனை பேர் பாதியில் போனார்கள், எத்தனை பேர் லைசென்ஸ் வாங்கினார்கள் என்று எல்லாம் அதில் இருக்கும். பாதியில் போனவர்கள் என்ற வரியை முதலில் படியுங்கள்.

படிப்பு எப்படி இருக்கும் என்று கேட்டீர்கள். முதல் வருடம் பெரும்பாலும் வகுப்பு. அதன்பின் பிராக்டிகம், அதாவது மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்ப்பது. பெரும்பாலும் சம்பளம் கிடையாது. என் முதல் பிராக்டிகத்தில் ஒரு சின்ன அறை, கூரை மூலையில் காமிரா. எதிரே இருந்தவர் அழ ஆரம்பித்தார், நான் டிஷ்யூ பெட்டியை அவர் பக்கம் நகர்த்தினேன். மறுநாள் மேற்பார்வையாளர் வீடியோவை அந்த இடத்தில் நிறுத்தி, “பெட்டியை எதற்கு நகர்த்தினாய்? அழுதது போதும் என்று அவரிடம் சொன்னாயா?” என்றார். அரை மணி நேரம் அந்தப் பெட்டியைப் பற்றியே பேச்சு. நம் ஊரில் முதல் வகுப்பில் தேறிவரும் பிள்ளைகள் தடுமாறுவது இங்கேதான். பாடம் எளிது. தன்னையே திரையில் பார்ப்பதுதான் கஷ்டம். பார்த்த மணிநேரத்தை எல்லாம் குறித்துவைக்கவும் வேண்டும், இன்டர்ன்ஷிப் விண்ணப்பத்தில் கேட்பார்கள்.

இனி அந்த ஐந்தாவது வருடம். முழுநேர இன்டர்ன்ஷிப் ஓராண்டு, அது முடியாமல் பட்டம் இல்லை. விண்ணப்பித்து, நேர்காணல் முடித்து, மாணவர்களும் மருத்துவமனைகளும் விருப்ப வரிசை கொடுப்பார்கள். கணினி ஜோடி சேர்க்கும். பிப்ரவரியில் எந்த ஊர் வந்ததோ அங்கே போயே ஆகவேண்டும், மறுக்க முடியாது. இதில் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு இன்னொரு அடி: முன்னாள் படைவீரர் மருத்துவமனைகள் நாடு முழுக்க நிறைய இன்டர்ன்ஷிப் இடங்களை வைத்திருக்கின்றன, அமெரிக்கக் குடியுரிமை இல்லாதவருக்கு அவை கிடையாது. கல்லூரி கட்டணத்தை மட்டும் எல்லோரிடமும் வாங்கும். அந்தப் பெரிய கதவு மூடியிருக்கிறது என்று சேர்க்கையின்போது ஒருவரும் வாய் திறப்பதில்லை.

விசாவுக்கு வருகிறேன், இதைத்தான் ஏஜென்ட் சொல்லியே இருக்கமாட்டார். எஃப்-1 (மாணவர் விசா) வைத்திருப்பவர் படிக்கும்போது வெளியே பயிற்சி செய்ய சி.பி.டி. என்ற அனுமதி. படிப்புக்குப் பிறகு ஓராண்டு வேலை பார்க்க ஓ.பி.டி. என்ற அனுமதி. முழுநேர சி.பி.டி. 12 மாதத்தைத் தொட்டுவிட்டால் அந்தப் பட்டத்துக்கான ஓ.பி.டி. கைவிட்டுப் போகும். இன்டர்ன்ஷிப் எத்தனை மாதம்? 12! பட்டத்துக்குப் பிறகும் மேற்பார்வையில் மணிக்கணக்கு காட்டினால்தான் லைசென்ஸ் என்று பல மாநிலங்களில் விதி. ஓ.பி.டி. இல்லாமல் அந்த மணிக்கணக்கு எங்கிருந்து வரும்? விவரம் தெரிந்த கல்லூரி அலுவலகம் சில நாள் குறைத்துத் தேதி போட்டுக் காப்பாற்றிவிடும். தெரியாத அலுவலகம் கையெழுத்துப் போட்டுவிட்டு, பிறகு ‘சாரி’ என்று ஒரு மெயில் அனுப்பும்.

திரும்பி வந்து இங்கே தொழில் செய்வதென்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு வேண்டும். அமெரிக்கப் பட்டத்தைக் காட்டியதும் அது தானாக வந்துவிடாது.

உங்கள் மகளையே, கன்சல்டன்சியை விட்டுவிட்டு, அந்தப் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்கு ஒரு மெயில் எழுதச் சொல்லுங்கள்: “கடந்த ஐந்து வருடத்தில் உங்கள் எஃப்-1 சை.டி. மாணவர்கள் எங்கே இன்டர்ன்ஷிப் செய்தார்கள், அதற்குப் பிறகு ஓ.பி.டி. எத்தனை பேருக்குக் கிடைத்தது?” பதில் எழுத்தில் வரும்வரை முன்பணம் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.