1915-ல் ஜாக் ஜான்சன் வேண்டுமென்றே தோற்றாரா?

கேள்வியோடு அந்தப் போட்டோவைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். கியூபாவின் ஹவானாவில், உலக ஹெவிவெயிட் பாக்ஸிங் பட்டத்தை வென்ற முதல் கறுப்பரான ஜான்சன், ஜெஸ் வில்லார்டிடம் 26-வது ரவுண்டில் விழுந்து, கண்ணில் வெயில் படாமல் கையால் மறைத்துக்கொண்டு கிடக்கிறாரே, செட்டப் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும் என்று. என்னைக் கேட்டால் அது எதையும் நிரூபிக்கவில்லை. மனிதர் நிஜமாகவே அடி வாங்கி நிஜமாகவே தோற்றார் என்பதுதான் என் கட்சி.

முதலில் போட்டோ. ஜான்சன் மல்லாந்து கிடக்கிறார். முழங்கால் மடங்கி மேலே நிற்கிறது. கிளவுஸ் போட்ட கை முகத்துக்கு மேலே, சரியாகக் கண்ணில் நிழல் விழுகிற மாதிரி. ரெஃப்ரி ஜாக் வெல்ச் எண்ணிக்கொண்டிருக்கிறார், வில்லார்ட் பனைமரம் மாதிரி நிற்கிறார். சட்டென்று பார்த்தால் மொட்டைமாடியில் கண்ணயர்ந்த ஆள் ஞாபகம்தான் வரும். மயங்கியவனுக்கு வெயில் உறைக்குமா, உறைத்தால் அவன் மயங்கவில்லை என்றுதானே அர்த்தம் என்று நூறு வருஷமாகக் கேட்கிறார்கள்.

அவர் மயங்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அதனால் என்ன?

நான் கல்லூரியில் இரண்டு வருஷம் பாக்ஸிங் பண்ணினேன். பெரிய ஆளெல்லாம் இல்லை, ஐந்து போட்டியில் ஒன்றுதான் ஜெயித்தேன். கடைசிப் போட்டியில் வலது பக்கம், விலா முடிகிற இடத்தில், ஈரலில் ஒரு குத்து. விழுந்தது தெரிந்தது. ரெஃப்ரி முகத்துக்கு எதிரே விரலை நீட்டி "நாலு" என்றது கேட்டது. மூலையிலிருந்து கோச் "எந்திரிடா, எந்திரிடா" என்று கத்தியது கேட்டது. எந்திரிக்கத்தான் பார்த்தேன், கால் நான் சொன்னதைக் கேட்கவில்லை. மேலே எரிந்த லைட் கண்ணைக் கூசியது, கை தானாகப் போய் மறைத்துக்கொண்டது. வெளியே வந்ததும் சீனியர் ஒருவர் கேட்டார்: "ஏண்டா, முழிச்சுக்கிட்டுத்தானே படுத்திருந்தே?" அவருக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஜான்சன் வாங்கிய கடைசிக் குத்து தாடையில். என் கதை வேறு, அவர் கதை வேறு. ஆனால் நாக் அவுட் என்றால் நினைவு தப்பியே ஆகவேண்டும் என்று விதி இல்லை. பத்து எண்ணுவதற்குள் எழ முடியாவிட்டால் ஆட்டம் காலி, அவ்வளவுதான்.

அன்றைக்கு அவர் எழ முடியாத நிலையில் இருந்தாரா என்றால், கணக்குப் போட்டுப் பாருங்கள். 1915 ஏப்ரல் 5, ஹவானா ஓரியண்டல் பார்க் குதிரைப் பந்தய மைதானம், திறந்தவெளி, பகல் வெயில். போட்டி 45 ரவுண்டுக்கு. ரவுண்டுக்கு மூன்று நிமிஷம், நடுவில் ஒரு நிமிஷம் ஓய்வு என்றால், 26-வது ரவுண்டு வரும்போது நூறு நிமிஷம் ஓடியிருக்கும். ஜான்சனுக்கு அப்போது வயது 37. 1913-ல் அமெரிக்காவில் அவருக்கு ஒரு வருஷமும் ஒரு நாளும் சிறைத்தண்டனை விதித்தார்கள். பெண்களைத் தவறான நோக்கத்தில் மாநிலம் விட்டு மாநிலம் கூட்டிப்போவதைத் தடுக்கும் மான் (Mann) சட்டம் என்று ஒன்றை வைத்து, வெள்ளைக்காரப் பெண்ணோடு பழகிய கறுப்பரை உள்ளே தள்ளப் போட்ட கேஸ் அது (2018-ல், அவர் இறந்து 72 வருஷம் கழித்து, மன்னிப்பு கொடுத்தார்கள்). அதிலிருந்து தப்பி ஐரோப்பா, தென்னமெரிக்கா என்று அலைந்தவருக்கு ஒழுங்கான பயிற்சி ஏது?

எதிரே நின்ற வில்லார்ட் கான்சஸ்காரர். ஆறரை அடி உயரம், ஜான்சனைவிட அரை அடி அதிகம். நேர்த்தி கிடையாது, ஆனால் கை இரும்பு. 1913-ல் அவர் விட்ட ஒரு குத்தில் புல் யங் என்ற பாக்ஸர் உயிரையே விட்டார். முதல் இருபது ரவுண்டும் ஜான்சன் கைதான் ஓங்கியிருந்தது. வில்லார்ட் வாங்கிக்கொண்டே பொறுமையாக நின்றார். கிழவர் களைப்பார் என்ற கணக்குதான், அது பலித்தது.

என்னை ரொம்ப யோசிக்க வைத்தது இந்த இருபது ரவுண்டுதான். தோற்றுக்கொடுக்க ஒத்துக்கொண்டவன் பத்தாவது ரவுண்டிலேயே படுத்திருக்கலாமே! அந்த வெயிலில் எதற்கு இந்தப் பாடு? வில்லார்டும் பிற்பாடு இதைத்தான் கிண்டலாகச் சொன்னார்: விழுவதாக இருந்தால் சீக்கிரம் விழுந்து தொலைத்திருக்கலாம், அங்கே வெயில் கொளுத்தியது என்று.

அப்புறம் எப்படி இந்தக் கதை இத்தனை காலம் நின்றது? பாதிக் காரணம் அந்தப் போட்டோ என்றால், மீதி ஒரு சட்டம். 1910-ல் வெள்ளைக்கார முன்னாள் சாம்பியன் ஜெஃப்ரீஸை ஜான்சன் அடித்துத் துவைத்த சினிமாச் சுருள் ஊர் ஊராக ஓடியதில் கடுப்பாகி, 1912-ல் பாக்ஸிங் படங்களை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோகவும், வெளிநாட்டிலிருந்து உள்ளே கொண்டுவரவும் தடை போட்டார்கள். ஆகவே ஹவானா படம் அமெரிக்காவுக்குள் வர வழியில்லை. 1916-ல் சிலர் கனடா எல்லைக்கோட்டில், அந்தப் பக்கம் படத்தை ஓடவிட்டு இந்தப் பக்கம் கேமரா வைத்துப் பிரதி எடுத்தார்கள். சுருள் எல்லை தாண்டவில்லை, வெளிச்சம்தானே தாண்டியது என்பது அவர்கள் வாதம்! மூளைக்காரர்கள்தான், ஆனால் கோர்ட்டில் எடுபடவில்லை. ஆகமொத்தம் சனங்களுக்குக் கிடைத்தது ஒரு போட்டோ, அதாவது பத்து எண்ணுகிற நேரத்தில் ஒரே ஒரு நொடி. விழுந்தவன் கை ஒரு நொடியில் எங்கே வேண்டுமானாலும் இருக்கும்.

மீதியை ஜான்சனே பார்த்துக்கொண்டார். தோற்ற கையோடு, நியாயமான தோல்விதான், புகார் எதுவும் இல்லை என்று பத்திரிகைக்காரர்களிடம் சொன்னவர், பிறகு தட்டை மாற்றிப் போட்டார். தோற்றுக்கொடுத்தால் பணம், போதாததற்கு ஜெயில் இல்லாமல் நாடு திரும்பலாம் என்று தன்னிடம் பேசியதாகச் சொன்னார். இந்த வாக்குமூலத்தை ரிங் என்ற பாக்ஸிங் பத்திரிகையின் ஆசிரியர் நாட் ஃப்ளைஷரிடம் 250 டாலருக்கு விற்றார். வாங்கியவரே அதை நம்பவில்லை என்பது வேறு கதை. நானும் நம்பவில்லை. அப்படி ஒரு பேரம் நடந்திருந்தால் போட்டி முடிந்ததும் ஊர் போய்ச் சேர்ந்திருக்க வேண்டுமே? 1920 ஜூலையில்தான் மெக்சிகோ எல்லையில் சரணடைந்தார், தண்டனையையும் அனுபவித்தார். பேரம் பேசியவர்கள் ஏமாற்றிவிட்டார்கள் என்று சொல்லலாம், சொல்கிறார்கள். எனக்குத் தோன்றுவது வேறு. தனக்கு முன் சாம்பியனாக இருந்த பர்ன்ஸையும் ஜெஃப்ரீஸையும் விளையாட்டுக் காட்டியே அடித்த ஆள், சண்டைக்கு வந்து நாலு வருஷம் சொச்சமே ஆன ஒரு ஆளிடம் வயசாகித் தோற்றேன் என்று சொல்வதைவிட, காசு வாங்கிக்கொண்டு விழுந்தேன் என்று சொல்வது அவருக்குக் கௌரவமாகப் பட்டிருக்கும்.

ஒரு விஷயம் மட்டும் எனக்கும் கொஞ்ச நாள் உறுத்தியது. கடைசி ரவுண்டுகளில் ஜான்சன் தன் மனைவியை மைதானத்திலிருந்து கிளப்பி அனுப்பச் சொன்னார். வாக்குமூலத்தில் அவர் கொடுத்த விளக்கம்: பணம் கைக்கு வந்துவிட்டது என்பதற்கு அதுதான் சிக்னல், அதற்குப் பிறகுதான் விழுந்தேன். போட்டியை நடத்திய ஜாக் கர்லியிடம் அன்று அவர் சொன்னதாகச் சொல்லப்படுவது: நான் களைத்துவிட்டேன், அவளைக் கூட்டிப் போய்விடுங்கள். மனைவி எழுந்து போனது என்னவோ ஒன்றுதான், எந்தக் காரணத்தை எடுத்துக்கொள்வது என்பதில்தான் வழக்கே.

நான் இரண்டாவதை எடுத்துக்கொள்கிறேன். அந்த ஐந்து போட்டிக்கும் நான் வீட்டில் சொன்னது ஸ்பெஷல் கிளாஸ் என்று. ஜெயித்த அன்றைக்குக்கூட அம்மாவுக்குத் தெரியாது.