அந்தமான் ஹேவ்லாக் தீவுல ஜெட்டி பக்கம் ரூமா, கடல் பக்கம் ரூமா? கப்பலையும் சேத்து கணக்கு போடுங்க

கேள்வி: வணக்கம் சார். திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில அக்கவுண்ட்ஸ் பாக்கறேன், சம்பளம் கைக்கு 62,000 வருது. பொங்கல் லீவுல அந்தமான் போறோம், நான், மனைவி, 9 வயசு பொண்ணு, 68 வயசுல அம்மா. அம்மா கடல்னு பாத்தது ராமேஸ்வரத்துல மட்டும்தான், முட்டி வலி வேற. ஆர்டி போட்டு 1,30,000 சேத்தேன், அதுல ஃப்ளைட்டுக்கு 58,000 கட்டியாச்சு. முதல்ல 2 நைட் போர்ட் பிளேர், அப்புறம் 3 நைட் ஹேவ்லாக், கடைசி நாள் காலைல கப்பல் ஏறி வந்து மத்தியானம் ஃப்ளைட்டு. ஹேவ்லாக்ல மூணு ஹோட்டல் பாத்து வெச்சிருக்கேன், எல்லாமே நாலு பேர் தங்கற ரூம், ரேட் ஒரு நைட்டுக்கு. ஜெட்டில (படகுத்துறை) இருந்து நடந்தே போற தூரத்துல 3,200, மூணாம் நம்பர் பீச் மேலயே காலை டிபனோட 7,800, ராதாநகர் பீச் பக்கம் 13,500. ஏஜென்ட் ராதாநகர் ஹோட்டலை நோ காஸ்ட் இஎம்ஐல (வட்டியில்லா மாசத் தவணை) எடுங்கன்னு சொல்றாரு. கேன்சல் பண்ணா பணம் திரும்பி வராத ரேட்ல 15% கம்மியாம். 7 மாசம் கட்டின நகைச் சீட்டை முடிச்சு ராதாநகரே எடுத்துடலாமான்னு மனைவி கேக்கறாங்க. என்ன பண்ணட்டும்?

பதில்: வணக்கம்ங்க. கடன் வாங்காம ஆர்டி போட்டு சேத்து டூர் கிளம்பறீங்க பாருங்க, அதுக்கே முதல்ல பாராட்டு. அதனாலதான் அந்தக் காசு வீணா போகக்கூடாதுன்னு கொஞ்சம் நீளமாவே எழுதறேன்.

ஹோட்டலுக்கு முன்னாடி உங்க பிளான்ல ஒரு பெரிய ஓட்டை இருக்கு, அதை அடைக்கணும். கடைசி நாள் காலைல ஹேவ்லாக்ல இருந்து கப்பல், அன்னைக்கே மத்தியானம் ஃப்ளைட்டு, இது வேண்டவே வேண்டாம். ஹேவ்லாக்ல ஏர்போர்ட் கிடையாது, போர்ட் பிளேருக்கு (இப்ப ஸ்ரீ விஜயபுரம்னு பேரு மாத்திட்டாங்க) தனியார் கப்பல்ல வந்தா ஒன்றரை மணி நேரத்துல இருந்து ரெண்டரை மணி நேரம் வரைக்கும் ஆகும், காத்து பலமா அடிச்சா அந்தக் கப்பலே கேன்சல். ஜனவரில பெரும்பாலும் கடல் அமைதியாத்தான் இருக்கும், ஆனா பெரும்பாலும்ங்கற வார்த்தையை நம்பி நாலு பேர் ரிட்டர்ன் டிக்கெட்டை பணயம் வைக்கக் கூடாது. நானே ஒரு தடவை இப்படி மாட்டினேன். காலைல பெட்டியெல்லாம் கட்டி ஜெட்டிக்கு வந்து நின்னா கேட்ல ஒரு பேப்பர் ஒட்டிருக்கு, இன்னைக்கு கப்பல் இல்லைன்னு. கான்கிரீட் தரைல பெட்டி மேல பெட்டியா அடுக்கி வெச்சுட்டு குடும்பம் குடும்பமா உக்காந்திருக்காங்க, எங்க பக்கத்துல ஒரு அம்மா ஃபோனை காதுல வெச்சுக்கிட்டே அழுதுட்டு இருந்தாங்க. கப்பல் டிக்கெட் காசு திரும்பி வந்துச்சு, ஃப்ளைட்டு காசு வரல, அவசரத்துக்கு எடுத்த புது டிக்கெட்டு அந்த டூர் மொத்த ஹோட்டல் செலவை விட ஜாஸ்தி.

அதனால 2+3 ன்னு வெச்சதை 1+3+1 ஆ மாத்துங்க. போய் இறங்கினதும் ஒரு நைட் போர்ட் பிளேர், அப்புறம் ஹேவ்லாக் 3, திரும்பி வந்து கடைசி நைட் போர்ட் பிளேர். அதே அஞ்சு நைட்டுதான், ஒரு ரூபா கூட எக்ஸ்ட்ரா ஆகாது, கப்பல் ஒரு நாள் தள்ளிப்போனாலும் ஃப்ளைட்டை பிடிக்க இடம் இருக்கும்.

இப்ப ஹோட்டலுக்கு எவ்வளவு மிச்சம்னு பாப்போம். 1,30,000ல ஃப்ளைட்டு போக 72,000. கப்பல் நாலு பேருக்கு போக வர 14,000 வெச்சுக்கறேன், போர்ட் பிளேர் ரூம் ரெண்டு நைட்டுக்கு 6,000, சாப்பாடு, ஆட்டோ, செல்லுலார் ஜெயில், எலிஃபண்ட் பீச் போற படகு எல்லாம் சேத்து ஒரு 22,000. மிச்சம் 30,000. அதுல 7,000ஐ தொடாம கைல வெச்சுக்கணும், காய்ச்சல் தலைவலி, கப்பல் கேன்சல்னு எதுக்காவது வேணும். ஆக ஹேவ்லாக் மூணு நைட்டுக்கு உங்க பட்ஜெட் 23,000.

ராதாநகர் ஹோட்டல் 13,500ன்னு ஸ்கிரீன்ல தெரியுது, மூணு நைட்டுக்கு 40,500, அதுக்கு மேல ஜிஎஸ்டி 18%, மொத்தம் 47,790. உங்க பட்ஜெட்டுக்கு ரெண்டு மடங்குக்கு மேல. இதை 12 மாசமா பிரிச்சா மாசம் கிட்டத்தட்ட 3,980, கேக்க சின்னதாத்தான் தெரியும். ஆனா நோ காஸ்ட்னு சொல்றதுல வட்டியை டிஸ்கவுண்டா கழிச்சு காட்டுவாங்களே தவிர அந்த வட்டி மேல 18% ஜிஎஸ்டியும், பெரும்பாலும் ப்ராசஸிங் ஃபீஸும் உங்க தலைலதான் விழும். அடுத்த பொங்கல் வரைக்கும் இந்தப் பொங்கலுக்குத் தூங்கின ரூமுக்கு தவணை கட்டிட்டு இருக்கணுமா? நகைச் சீட்டை 7 மாசத்துல நிறுத்தினா கடைசில கிடைக்கற போனஸ் போயிடும், பெரும்பாலான கடைல காசாவும் தர மாட்டாங்க, அன்னைக்கு ரேட்ல நகையா எடுத்துக்கங்கன்னுதான் சொல்வாங்க. அதை தொடாதீங்கன்னு உங்க மனைவி கிட்ட நான் சொன்னதா சொல்லுங்க.

ராதாநகர் பீச் அருமையான பீச்தான், சந்தேகமே இல்ல. 2004ல டைம் பத்திரிகை ஆசியாவோட சிறந்த பீச்னு எழுதுச்சு, 2020ல சுத்தமான, பாதுகாப்பான பீச்சுக்கு கொடுக்கற ப்ளூ ஃப்ளாக் சான்றிதழும் வாங்குச்சு. ஆனா அது பொது பீச்சுங்க, 13,500 கொடுத்தவங்களுக்கும் ஆட்டோல வந்து இறங்கறவங்களுக்கும் ஒரே மணல், ஒரே தண்ணிதான். ஜெட்டில இருந்து 12 கிலோமீட்டர். அங்க ஜனவரில சாயங்காலம் 5 மணி தாண்டினதும் சூரியன் இறங்கிடும், நம்ம ஊரு மாதிரி ஆறரை வரைக்கும் வெளிச்சம் இருக்காது. நீங்க 3 மணிக்கு வர்ற கப்பல்ல இறங்கினீங்கன்னா, செக் இன் பண்ணி முடிக்கறதுக்குள்ள முதல் நாள் பீச் முடிஞ்சுடும். கடைசி நாள் காலைலயே கப்பல். அப்ப மூணு நைட்டுக்கு காசு கொடுத்து முழுசா அனுபவிக்கறது ரெண்டு பகல்தான்.

ஜெட்டி ஹோட்டல் 3,200, மூணு நைட் 9,600, இதுக்கு ஜிஎஸ்டி 5%தான், 10,080. ஆட்டோ ஒரு வழிக்கு 500ன்னு வெச்சு ரெண்டு தடவை ராதாநகர் போய் வந்தாலும் 12,080ல முடியும். பெட்டி தூக்கற வேலை கம்மி, எலிஃபண்ட் பீச் போற படகும் ஜெட்டில இருந்தே கிளம்பும். நீங்களும் மனைவியும் மட்டும் போறதா இருந்தா கண்ணை மூடிட்டு இதையே எடுக்க சொல்லிருப்பேன். ஆனா ஜெட்டி பக்கத்து கடல் படகு வந்து போற கடல், குளிக்கற கடல் இல்ல. முட்டி வலி இருக்கற அம்மா தினமும் ஆட்டோ ஏறி இறங்க மாட்டாங்க, நீங்க போயிட்டு வாங்கடா நான் ரூம்ல இருக்கேன்னுதான் சொல்வாங்க, டிவி பாத்துட்டு உக்காந்திருப்பாங்க. நம்ம அம்மாக்கள் எல்லாம் அப்படித்தானே.

அதனால மூணாம் நம்பர் பீச்தான் என் ஓட்டு. ஆனா 7,800 கொடுத்து இல்ல! கவனமா படிங்க. 2025 செப்டம்பர் 22ல இருந்து ஒரு நாள் வாடகை 7,500 வரைக்கும் இருந்தா ரூமுக்கு 5% ஜிஎஸ்டி, அதுக்கு மேல ஒரு ரூபா போனாலும் மொத்தத்துக்கும் 18%. 7,800 ரூம் மூணு நைட்டுக்கு 23,400, வரி 4,212, மொத்தம் 27,612. ஹோட்டலுக்கு நேரா ஃபோன் போட்டு டிபன் இல்லாம ரூம் மட்டும் என்ன ரேட்னு கேளுங்க. 7,200க்கு கொடுத்தா 21,600, வரி 1,080, மொத்தம் 22,680. வித்தியாசம் 4,932 ரூபாய், மூணு நாள் நாலு பேரும் வெளிய மார்க்கெட்ல டிபன் சாப்பிட்டாலும் இதுல பாதி கூட செலவாகாது. இன்னொண்ணு, ஒரு ஹோட்டல் போன நிதி வருஷத்துல ஏதாவது ஒரு ரூமை நாளுக்கு 7,500க்கு மேல வித்திருந்தா உள்ள இருக்கற ரெஸ்டாரண்ட் பில்லுக்கும் 18% வரும், வெளிய சாதாரண ஹோட்டல்ல 5%தான். அதனால ராத்திரி சாப்பாட்டையும் வெளியவே வெச்சுக்கங்க. 7,500க்கு கீழ இறங்கவே மாட்டேன்னாங்கன்னா பக்கத்துல வேற ஹோட்டல் பாருங்க, ரெண்டாம் நம்பர்ல இருந்து அஞ்சாம் நம்பர் பீச் வரைக்கும் அந்த ரோடு முழுக்க ஹோட்டல்தான்.

புக் பண்றதுக்கு முன்னாடி அந்த தேதிகளுக்கு டைட் டேபிள் (கடல் தண்ணி ஏறி இறங்கற நேரப் பட்டியல்) பாத்துடுங்க, நெட்லயே கிடைக்கும். கிழக்குப் பக்க பீச் எல்லாத்துலயும் தண்ணி வத்தினா ரொம்ப தூரம் உள்ள போயிடும். நாங்க அஞ்சாம் நம்பர் பீச்ல தங்கினப்ப காலைல என் பையன் ரப்பர் ட்யூபை இடுப்புல மாட்டிட்டு ஓடினான், பாத்தா கடலே இல்ல, பாறையும் செத்த பவளமும் சேறும்தான், மீன் படகு ஒண்ணு ஒரு பக்கமா சாஞ்சு கிடக்கு. மத்தியானம் அதே இடத்துல தண்ணி மரத்தடி வரைக்கும் வந்து நின்னுச்சு. இந்த நேரம் தினமும் ஏறக்குறைய 50 நிமிஷம் தள்ளிப்போகும். தண்ணி இருக்கற நேரம் பொண்ணு இங்கயே குளிக்கட்டும், வத்தற நேரத்துல ராதாநகர் கிளம்புங்க, லைஃப்கார்ட் கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு இறங்குங்க.

15% குறையற ரேட் பத்தி கேட்டீங்க. 7,200 ரூம்ல வரியோட சேத்து 3,402 மிச்சம் ஆகும். ஆனா பொண்ணுக்கு காய்ச்சல் வந்து டூரே நின்னா 19,278 மொத்தமும் போச்சு. கைல ரெண்டு மூணு லட்சம் சும்மா இருக்கறவங்க அந்த ரிஸ்க் எடுக்கலாம், 7,000 மட்டும் கைல வெச்சிருக்கறவங்க எடுக்கக் கூடாது. கேன்சல் பண்ணா பணம் திரும்பற ரேட்லயே போடுங்க, எத்தனை நாள் முன்னாடி வரைக்கும் கேன்சல் பண்ணலாம், கப்பல் ஓடாததால ஒரு நைட் வர முடியலைன்னா அந்தக் காசு என்னாகும், ரெண்டையும் வாட்ஸ்அப்லயாவது எழுத்துல வாங்கிடுங்க.

உங்க சம்பளத்துல எல்டிஏ (லீவுல ஊர் போறதுக்கு கம்பெனி கொடுக்கற பயணப்படி) இருக்கான்னு பாருங்க, இருந்து நீங்க பழைய வரி முறைல இருந்தா டிக்கெட் செலவுக்கு மட்டும் வரிவிலக்கு கேக்கலாம், ஹோட்டலுக்கு கிடையாது. போர்டிங் பாஸை பத்திரமா வைங்க.

2020ல சென்னைல இருந்து கடலுக்கடில கேபிள் போட்டதுக்கு அப்புறம் ஹேவ்லாக்ல நெட் முன்னைக்கு பரவால்ல, இருந்தாலும் நெட்வொர்க் போனா யுபிஐ நிக்கும், ஏடிஎம்மும் ரொம்ப கம்மி, அதனால போர்ட் பிளேர்லயே 8,000 ரூபாய் நோட்டா எடுத்துக்கங்க. கப்பல் டிக்கெட்டை ரூமுக்கு முன்னாடி போடுங்க, பொங்கல் டைம்ல அதுதான் முதல்ல தீரும். ரூம் கேக்கும்போது தரைத்தளம், படி இல்லாததுன்னு சொல்லுங்க, அம்மா தானே எந்திரிச்சு கடல் வரைக்கும் நடந்து போற மாதிரி.