தண்டவாளத்தில் இருந்து போராடினால் பொலிஸ் என்ன செய்யும்?

கேள்வி: எங்கள் ஊரின் பாதுகாப்பற்ற ரயில் கடவைக்குக் கேற் கேட்டு இரண்டு வருடமாகக் கடிதம் கொடுத்தும் பலனில்லை. சனிக்கிழமை தண்டவாளத்தில் இருந்து யாழ்தேவியை மறிக்கப் போகிறோம். பொலிஸ் பிடித்தால் என்ன நடக்கும்? (வலிகாமம் வாசகர்)

பதில்: அமைதியாகக் கூடுவது அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை தரும் உரிமை. தண்டவாளத்தில் அது செல்லாது. 1902ஆம் ஆண்டுப் புகையிரதக் கட்டளைச் சட்டப்படி அனுமதியின்றிப் பாதையில் நிற்பதே குற்றம். ஐந்து பேருக்குக் குறையாமல் சேர்ந்து மறித்தால் சட்டவிரோதக் கூட்டம் என்றும் வழக்கு வரலாம். ஆறு மாதம் வரை சிறை.

நான் பயப்படுவது வேறொன்றுக்கு. கூட்டத்தில் ஒரு பொடியன் சூட்டில் சிக்னல் விளக்குக்குக் கல்லெறிந்தால் போதும். சேதம் 25,000 ரூபாவுக்கு மேல் என்று உதவிப் பொலிஸ் அத்தியட்சர் தரத்துக்குக் குறையாத ஒருவர் சான்றளித்தால், 1982இன் 12ஆம் இலக்கப் பொதுச் சொத்துச் சட்டப்படி விசேட காரணம் காட்டினாலொழிய வழக்கு முடியும்வரை விளக்கமறியல். இன்றைய விலைவாசியில் 25,000 எந்த மூலைக்கு?

சட்டம் ஒருபுறம் கிடக்கட்டும். 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ரயில் வினாடிக்கு 22 மீட்டர் ஓடும். அவசர பிரேக் போட்டாலும் பல நூறு மீட்டர் தாண்டித்தான் நிற்கும்; சாரதியால் விலத்தவும் முடியாது. தண்டவாள இடைவெளி 1.676 மீட்டர், பெட்டியோ இருபுறமும் அதற்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஓரமாக நிற்பவரையும் அடிக்கும். ஒலிபெருக்கி அலறும்போது ரயிலின் ஹோனே கேட்காமல் போகலாம். அடிபட்டபின் நட்டஈடு கேட்டால், உங்கள் கவனயீனத்தைத்தான் முதலில் தூக்கிக் காட்டுவார்கள்.

கடவைக்கு வெளியே, வீதியோரம் பதாகையோடு நில்லுங்கள். ஊர்வலம் என்றால், தொடங்கும் இடத்துக்கு அருகிலுள்ள பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்கு 6 மணித்தியாலம் முன்னதாகவே எழுத்தில் அறிவித்து, உங்கள் பிரதியில் திகதி, நேரத்தோடு கையெழுத்து வாங்குங்கள்.

கூடவே, 2016இன் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் சட்டத்தில் கேளுங்கள்: இந்தக் கடவைக்குத் திட்டம் உண்டா, மதிப்பீடு எவ்வளவு, கோவை யாரிடம் கிடக்கிறது? தருவதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் சொல்லியாக வேண்டும். அந்தப் பதில் கையிலிருந்தால் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் ஆணைப் பேராணை (கடமையைச் செய் என்று அதிகாரிக்கு நீதிமன்றம் இடும் கட்டளை) கேட்கலாம். அதற்கு யாழ்ப்பாண மேல் நீதிமன்றத்துக்குப் போய் மினக்கெடாதீர்கள், அங்கே மாகாண விடயங்களுக்குத்தான் பேராணை கேட்கலாம்; புகையிரதம் மத்திய அரசின் விடயம். சட்டத்தரணிக்குக் காசில்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போங்கள். கொடுத்த கடிதங்களின் பிரதிகளும் பதிவுத் தபால் பற்றுச்சீட்டுகளும் கையோடு இருக்கட்டும்.