ஃபைல் சிஸ்டம் கோடில் பஃபர் எடுப்பது எப்படி? வாசகர் கேள்விகளும் பதில்களும்

லினக்ஸ் கெர்னலில் ஃபைல் சிஸ்டம் எழுதுபவர்களிடமிருந்து வந்த கேள்விகளில் சில இங்கே. பலரும் "எத்தனை பைட் வேண்டும்" என்பதிலிருந்தே தொடங்குகிறார்கள். அதைவிட முக்கியம், மெமரி கேட்கும் அந்த நேரத்தில் நம் கையில் என்ன லாக் (பூட்டு) இருக்கிறது, எந்த ட்ரான்சாக்‌ஷன் (ஒன்றாக முடிய வேண்டிய மாற்றங்களின் தொகுப்பு) திறந்திருக்கிறது என்பது. அதைப் பார்த்துவிட்டுத்தான் அளவுக்கு வர வேண்டும்.

கேள்வி: எதற்கு வம்பு என்று எங்கள் ஃபைல் சிஸ்டம் முழுக்க ஜிஎஃப்பி_நோஎஃப்எஸ் (மெமரி தேடும்போது ஃபைல் சிஸ்டம் கோடுக்குள் போகாதே என்று சொல்லும் கொடி) போட்டுவிட்டோம். இது சரிதானே?

டெட்லாக் (ஒன்றுக்காக ஒன்று காத்து அப்படியே நின்றுபோவது) வராது. ஆனால் வேறு பக்கம் அடி வாங்குவீர்கள்.

அந்தக் கொடி எதற்காக இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். ஜர்னலில் (மாற்றங்களை முதலில் குறித்து வைக்கும் பதிவேடு) ஒரு ட்ரான்சாக்‌ஷனைத் திறந்து வைத்துக்கொண்டு வழக்கமான ஜிஎஃப்பி_கெர்னல் கொடியோடு மெமரி கேட்கிறீர்கள். மெமரி தட்டுப்பாடு இருந்தால், கேட்ட த்ரெட்டே இடத்தைக் காலி செய்யக் கிளம்பும். அது போகிற வழியில் ஐநோட் (ஒரு ஃபைலின் விவரப் பதிவு) கேஷையும் சுருக்கும். உங்கள் ஃபைல் சிஸ்டத்தின் ஐநோட் ஒன்றைக் கழிக்க ஜர்னலில் இடம் வேண்டியிருக்கும். அந்த இடம் கிடைக்க, நீங்கள் திறந்து வைத்திருக்கும் ட்ரான்சாக்‌ஷன் முடிய வேண்டும். அதுவோ மெமரிக்காக நின்றுகொண்டிருக்கிறது. கதை முடிந்தது.

நோஎஃப்எஸ் கொடுத்தால் இந்தச் சுற்று முதல் அடியிலேயே அறுபடும். சூப்பர்பிளாக்கின் (மவுன்ட் ஆன ஃபைல் சிஸ்டத்துக்கான கெர்னல் பதிவு) ஷ்ரிங்கர், அதாவது கேஷைச் சுருக்கும் ஃபங்ஷன், கொடியில் எஃப்எஸ் பிட் இல்லை என்று கண்டதும் எதையும் தொடாமல் திரும்பிவிடும்.

சிக்கலும் அங்கேதான். உங்கள் கோடு முழுக்க நோஎஃப்எஸ் என்றால், தட்டுப்பாட்டு நேரத்தில் எளிதாக விடுவிக்கக்கூடிய ஐநோட், டென்ட்ரி (ஃபைல் பெயர்ப் பதிவு) கேஷ்களை அந்த வழியில் யாரும் தொட முடியாது. போதாக்குறைக்கு, எஃப்எஸ் பிட் இல்லாத வேண்டுகோளுக்காக ஓஓஎம் கில்லர் (மெமரி தீர்ந்தால் ப்ராசஸைக் கொன்று இடம் பிடிக்கும் கெர்னல் பகுதி) பொதுவாக எந்தப் ப்ராசஸையும் கொல்லாது. சின்ன அளவு கேட்ட த்ரெட் திரும்பத் திரும்ப முயன்றுகொண்டே கிடக்கும்.

சரி, என்ன செய்வது? 2017-இல் வந்த 4.12 கெர்னலிலிருந்து மெம்அல்லாக்_நோஎஃப்எஸ்_சேவ், அதற்கு ஜோடியாக ரீஸ்டோர் இருக்கின்றன. ட்ரான்சாக்‌ஷன் தொடங்கும் இடத்தில் சேவ், முடியும் இடத்தில் ரீஸ்டோர். நடுவில் வரும் எல்லா வேண்டுகோளும், கொடி ஜிஎஃப்பி_கெர்னல் என்றிருந்தாலும், தானாகவே நோஎஃப்எஸ் ஆகிவிடும். இஎக்ஸ்டி4 பயன்படுத்தும் ஜேபிடி2 ஜர்னல் ஹேண்டில் திறக்கும்போது இதைத்தான் செய்கிறது. இதனால் இன்னொரு நன்மை, நாம் கூப்பிடும் வேறு யாரோ எழுதிய லைப்ரரி ஃபங்ஷனும் இந்த வளையத்துக்குள் வந்துவிடும். கொடியை மட்டும் நம்பினால் அது வராது.

சேவ் எழுதும் வரிக்கு மேலே, எந்த லாக்குக்காக இது என்று ஒரு கமென்ட் கட்டாயம் எழுதுங்கள். காரணம் தெரியாத நோஎஃப்எஸ்ஸை எடுக்கப் பிறகு யாருக்கும் துணிவு வராது. சோதிக்கும்போது லாக்டெப்பை (லாக் பிடிக்கும் வரிசையைக் கண்காணிக்கும் கெர்னல் கருவி) இயக்கி வையுங்கள். டெட்லாக் உண்மையில் நடக்காவிட்டாலும் எஃப்எஸ்_ரிக்ளெய்ம் என்ற பெயரோடு எச்சரிக்கை வரும்.

கேள்வி: மெமரி எடுக்க கேமல்லாக், விமல்லாக், கேவிமல்லாக் என்று மூன்று ஃபங்ஷன்கள். எதை எப்போது?

ஒரு பக்கத்துக்குள், அதாவது 4 கேபிக்குள் என்றால் யோசிக்கவே வேண்டாம், கேமல்லாக். கேமல்லாக் மெமரியில் அடுத்தடுத்து இருக்கும் பக்கங்களைத் தரும், விமல்லாக் சிதறிய பக்கங்களைச் சேர்த்துத் தரும். அளவு பெருகப் பெருக, தொடர்ச்சியான பக்கங்கள் கிடைப்பது கஷ்டம். 32 கேபிக்கு மேல் கெர்னலே அதைச் செலவு மிகுந்த வேண்டுகோளாகத்தான் நடத்துகிறது. பல நாள் ஓடிய சர்வரில் மொத்த மெமரி நிறைய இருந்தும் 64 கேபி ஒரே துண்டாகக் கிடைக்காமல் போகலாம்.

மவுன்ட் செய்யும்போது எடுக்கும் பெரிய அட்டவணை, பிட்மேப் போன்றவற்றுக்குக் கேவிமல்லாக் பொருத்தம். முதலில் கேமல்லாக்கை அதிகம் வற்புறுத்தாமல் முயலும், கிடைக்காவிட்டால் விமல்லாக்குக்குப் போகும். விடுவிக்க கேவிஃப்ரீ. கேஃப்ரீ என்று எழுதிவிட்டால், விமல்லாக்கிலிருந்து வந்த நாளில் மட்டும் வெடிக்கும். உங்கள் லேப்டாப்பில் அந்த நாள் வராமலே போகலாம்.

பழைய கெர்னலுக்கு பேக்போர்ட் செய்பவர்கள் கவனிக்க: 5.17-க்கு முன்பு கேவிமல்லாக்குக்கு நோஎஃப்எஸ் கொடி கொடுத்தால் அது விமல்லாக் பக்கமே போகாது, கேமல்லாக்கோடு நின்றுவிடும்.

டிஸ்கிலிருந்து நேராகப் படித்து நிரப்பும் பஃபருக்கு விமல்லாக்கை நான் பரிந்துரைப்பதில்லை. பயோவில் (டிஸ்க் வேண்டுகோளைச் சுமக்கும் கெர்னல் அமைப்பு) சேர்க்க ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியே தேடி எடுக்க வேண்டும். அந்த இடத்தில் பக்கங்களாகவே கேட்டு வாங்குவது நல்லது.

கேள்வி: 4,096 பைட் பிளாக், முன்னால் 24 பைட் ஹெடர். இரண்டையும் ஒரே கேமல்லாக்கில் எடுக்கலாமா?

எடுக்காதீர்கள். கேமல்லாக்கின் அளவுப் பெட்டிகளில் 4,096-க்கு அடுத்தது 8,192தான். 4,120 கேட்டால் 4,072 பைட் வீண். அதோடு பிளாக்கின் தொடக்கம் 24 பைட் தள்ளிப் போய் அலைன்மென்ட்டும் (முகவரி ஒழுங்கான மடங்கில் அமைவது) கெடும். 5.4 கெர்னலிலிருந்து இரண்டின் அடுக்காக அமைந்த அளவுகளுக்கு அதே அளவு அலைன்மென்ட் உறுதி. அந்தச் சலுகையை ஏன் விட வேண்டும்? ஹெடரைத் தனியாக எடுத்து, உள்ளே ஒரு பாயின்டர் வையுங்கள்.

கேள்வி: ஸ்டாக்கிலேயே 4 கேபி அரே வைத்தால் வேகமாக இருக்குமே?

வேண்டாம். எக்ஸ்86-64-இல் மொத்த ஸ்டாக்கே 16 கேபி. உங்களுக்குக் கீழே பிளாக் லேயர், டிரைவர் எல்லாம் அதில்தான் ஓட வேண்டும்.

கேள்வி: எப்போதும் கேஸெட்அல்லாக் (மெமரியைப் பூஜ்யமாக்கித் தரும் கேமல்லாக்) போட்டால் வேகம் குறையாதா?

முழுவதும் டிஸ்கிலிருந்து படித்து நிரப்பப்போகும் பஃபரை முன்கூட்டியே பூஜ்யமாக்குவது வீண் வேலை. டிஸ்குக்கு எழுதப்போகும் பஃபர் என்றால் கேள்விக்கே இடமில்லை, பூஜ்யமாக்குங்கள். ஸ்ட்ரக்ட்டின் பேடிங் இடைவெளிகளில் தங்கிய பழைய கெர்னல் தரவு அப்படியே டிஸ்கில் பதிந்து, அந்த டிஸ்கைக் கழற்றிப் படிப்பவர் கைக்குப் போகும்.

கேள்வி: மெமரி கிடைக்காவிட்டால் பின்வாங்க வழியில்லாத இடத்தில் நோஃபெயில் கொடி (கிடைக்கும்வரை முயன்றுகொண்டே இரு என்பது) போடலாமா?

ட்ரான்சாக்‌ஷன் பாதியில் இருந்து, திரும்பினால் ஃபைல் சிஸ்டத்தையே நிறுத்த வேண்டும் என்கிற இடத்தில் போடலாம். நாமே ஒரு லூப் எழுதி முயல்வதைவிட அது நேர்மையான வழி, நம் நிலைமை கெர்னலுக்கும் தெரியும். ஆனால் சின்ன அளவுக்கு மட்டும். தூங்கக் கூடாத இடத்தில், உதாரணமாக ஸ்பின்லாக் பிடித்திருக்கும்போது, கூடவே கூடாது.

முடிந்தால் தேவையான பஃபரை ட்ரான்சாக்‌ஷன் திறக்கும் முன்பே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அப்போது கிடைக்காவிட்டால் ஈநோமெம் (மெமரி இல்லை என்ற பிழை) கொடுத்துவிட்டு அமைதியாகத் திரும்பலாம். அந்தத் திரும்பும் வழி வேலை செய்கிறதா என்று பார்க்க, டீபக் கெர்னலில் ஃபெயில்ஸ்லாபை இயக்கினால் அது வேண்டுமென்றே அங்கங்கே வேண்டுகோள்களைத் தோற்கடிக்கும்.