நாட்டு நாயோட அந்த குரூப்ல போய் சேரலாமா?

கேள்வி: வணக்கம் மேடம். திருவான்மியூர்ல இருக்கோம். ரெண்டு வயசு நாட்டு நாய் வளர்க்கறோம், பேரு மிளகு, பொட்டை நாய், கருத்தடை ஆபரேஷன் பண்ணியாச்சு. மழை சமயத்துல எங்க அபார்ட்மென்ட் கேட்டுகிட்ட குட்டியா கெடந்தா, தூக்கிட்டு வந்துட்டேன். எங்க தெருவுல சிலபேர் ஞாயித்துக்கிழமை காலைல அவங்கவங்க நாயக் கூட்டிக்கிட்டு பீச் பக்கமா சேர்ந்து வாக்கிங் போறாங்க. அதுல ஒரு ஆன்ட்டி என்னையும் வாம்மான்னு கூப்ட்டாங்க. எனக்கும் ஆசைதான். ஆனா மிளகு வேற நாயப் பாத்தாலே கயித்தை இழுத்துக்கிட்டு ஒரே குரைப்பு. மத்தவங்க எல்லாம் லேப்ரடார், கோல்டன் ரெட்ரீவர்னு வச்சிருக்காங்க. எங்க வீட்டுக்காரர் "மொட்டை மாடில ஓட விட்டா போதாதா, எதுக்கு நாலு பேர் முன்னாடி அசிங்கப்படணும்"ங்கறார். போகலாமா, வேண்டாமா?

பதில்: போங்கம்மா, தாராளமா போங்க. ஆனா வர்ற ஞாயித்துக்கிழமையே மிளகைக் கூட்டிட்டுப் போய் அத்தனை நாய்க்கு நடுவுல நிறுத்திடாதீங்க.

முதல்ல அந்தக் குரைப்பைப் பத்திப் பேசிடுவோம், ஏன்னா உங்க பயமெல்லாம் அதுலதான் இருக்கு. கயித்துல இருக்கும்போது குரைக்கற நாய் எல்லாம் கடிக்கற நாய் கிடையாது. பெரும்பாலும் ஒண்ணு பயமா இருக்கும், இல்ல அந்த நாய்கிட்ட போகணுங்கற தவிப்பா இருக்கும். ரெண்டு நாய் கயிறு இல்லாம சந்திச்சா எப்படிப் போகும்னு கவனிச்சிருக்கீங்களா, நேரா மூஞ்சிக்கு மூஞ்சி போகாது, கொஞ்சம் வளைஞ்சு சுத்தி வந்து பின்பக்கம் மோந்து பாக்கும், பிடிக்கலைன்னா தலையத் திருப்பிக்கிட்டு ஒதுங்கிடும். நாம கயித்தை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு ஒரு சின்ன பிளாட்பாரத்துல எதிரும் புதிருமா கொண்டுபோய் நிறுத்தறோம், ஒதுங்கவும் வழி இல்ல, அப்ப அதுக்குத் தெரிஞ்ச ஒரே வழி கத்தறதுதான். இதனாலதான் சேர்ந்து நடக்கறது மிளகு மாதிரி நாய்ங்களுக்கு நல்லதுன்னு சொல்றேன். எல்லா நாயும் ஒரே திசைல போகுது, யாரும் யாரையும் முறைச்சுப் பாக்கறதில்ல, நடக்க நடக்க படபடப்பு தானா எறங்கும்.

ஆன்ட்டிகிட்ட பேசி, அவங்க குரூப்லயே வயசான, எதுக்கும் அலட்டிக்காத நாய் எதுன்னு கேளுங்க. அந்த ஒரு நாயோட மட்டும் கூட்டம் இல்லாத வார நாள் ஒண்ணுல நடந்து பாருங்க. அவங்க ரோட்டுக்கு அந்தப் பக்கம், நீங்க இந்தப் பக்கம், ரெண்டு பேரும் ஒரே திசைல. எவ்வளவு தூரம்னு மீட்டர் கணக்கெல்லாம் பாக்காதீங்க, மிளகு அந்த நாயப் பாக்கணும், ஆனா குரைக்கக் கூடாது, அதுதான் சரியான தூரம். பாத்துட்டு உங்க பக்கம் திரும்பினா உடனே உப்பு போடாம வேகவச்ச சிக்கன் ஒரு சின்ன துண்டு வாயில போடுங்க. குரைச்சா திட்டாதீங்க, கயித்தை வெடுக்குனு இழுக்காதீங்க, பேசாம இன்னும் கொஞ்சம் தள்ளிப் போங்க, அவ்வளவுதான். நாலஞ்சு தடவை இப்படிப் போனாலே இடைவெளி தானா கொறையும், அப்புறம் ஞாயித்துக்கிழமை குரூப்ல கடைசி ஆளா, கொஞ்சம் பின்னாடியே நடங்க. முன்னாடி போற நாய்ங்களோட வாசனைய மோந்துக்கிட்டே வர்றது மிளகுக்கு நல்ல பயிற்சி.

கிட்ட போய் மோந்து பாக்கற நாள் வந்ததும், கயித்தைத் தளர்த்தி விட்டு ஒண்ணு ரெண்டு மூணு எண்ணுங்க, மூணுல கூப்ட்டுக்கிட்டு நகர்ந்துடுங்க. உதட்டை நக்கறது, தூக்கம் வராமலே கொட்டாவி விடறது, கண்ணோட வெள்ளை தெரியற மாதிரி ஓரமாப் பாக்கறது, உடம்பு கட்டை மாதிரி விறைக்கறது, இதெல்லாம் "எனக்கு இது போதும்"னு அவ சொல்றது. அப்ப யாராவது "விடுங்க, அதுங்களே பழகிக்கும்"னு சொன்னாங்கன்னா சிரிச்சுக்கிட்டே தள்ளி வந்துடுங்க, கேக்காதீங்க. மிளகு அந்த குரூப்ல யார்கூடவும் விளையாடணும்னு கட்டாயமே இல்ல. கழுத்து செயினுக்கு பதில் நெஞ்சுல மாட்டற ஹார்னஸ், ஆறடி சாதா கயிறு வச்சுக்கோங்க. பட்டன் அமுக்கினா நீளமா ஓடுற கயிறு குரூப்ல வேண்டவே வேண்டாம், இன்னொரு நாய் கால்ல சுத்திக்கிட்டா அங்கதான் சண்டையே ஆரம்பிக்கும்.

நாட்டு நாய்னு கூச்சப்படறீங்க பாருங்க, அதைப் படிச்சப்ப எனக்கு நெஜமாவே கஷ்டமா இருந்துச்சு. கோல்டன் ரெட்ரீவர் ஸ்காட்லாந்து குளிர்ல உருவாக்கின இனம், அந்தக் கனமான முடியோட சென்னை வேக்காட்டுல அது படற பாடு வளர்க்கறவங்களுக்குத்தான் தெரியும். உங்க மிளகு இந்த மண்ணு, இந்த வெயில்லயே பொறந்தவ. ஆனாலும் அவளுக்கும் காலைல சீக்கிரம் போறதுதான் நல்லது. தார் ரோட்டுல புறங்கையை அஞ்சு செகண்ட் வச்சுப் பாருங்க, உங்களுக்கு சுட்டா அவ பாதத்துக்கும் சுடும். மொட்டை மாடிக்கும் இதே கணக்குதான்னு வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க. அதோட மாடில தினமும் மோந்து பாக்க என்ன இருக்கு, அதே தொட்டி, அதே துணிக்கொடி. நாய்க்கு வாக்கிங்கே மூக்குலதான், அதனால அவ ஒரு மரத்தடில ரெண்டு நிமிஷம் நின்னா இழுத்துக்கிட்டு ஓடாதீங்க.

போறதுக்கு முன்னாடி பேப்பர் எல்லாம் சரியா இருக்கான்னு பாத்துக்கோங்க. ரேபிஸ் ஊசி, பார்வோ, டிஸ்டெம்பர்ங்கற வைரஸ் நோய்ங்களுக்கு எல்லாம் சேர்த்துப் போடற ஊசி, உண்ணி மருந்து, மூணும் தேதி தாண்டாம இருக்கணும், சேர்ந்து நடக்கும்போது ஒரு நாய்க்கு இருக்கற உண்ணி எல்லா வீட்டுக்கும் போகும். சென்னை மாநகராட்சி லைசன்ஸ் கட்டாயம், மைக்ரோசிப்பும் போட்டாகணும், மாநகராட்சியோட செல்லப்பிராணி கிளினிக்லயே போடறாங்க. வெளிய வரும்போது கயிறும் வாய்மூடியும் வேணும்னு சொல்லியிருக்காங்க. வாய்மூடின்னா துணில இறுக்கிக் கட்டறது வாங்கிடாதீங்க, நாய் வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் உடம்புச் சூட்டைத் தணிச்சுக்கும். கூடை மாதிரி இருக்கறதை வாங்கி, வீட்லயே உள்ள சிக்கன் வச்சு மெதுவாப் பழக்குங்க. தண்ணிக்கு தனிக் கிண்ணம், கக்கா அள்ள பழைய பேப்பர், கவர். இது ரெண்டும் இல்லாம அந்த குரூப்ல நிக்காதீங்க.

பீச்சுன்னு சொன்னதால இன்னொண்ணையும் அழுத்திச் சொல்லணும். ஜனவரியிலருந்து மார்ச், ஏப்ரல் வரைக்கும் நம்ம கரைக்கு பங்குனி ஆமைங்க முட்டை போட வருது. ஒரு குழில நூறு முட்டைக்கு மேலயே இருக்கும், ராத்திரி முழுக்க தன்னார்வலர்ங்க நடந்து தேடித்தேடி எடுத்து பாதுகாக்கறாங்க, அவங்க கண்ணுக்குத் தப்பினதை நாய் தோண்டிடும். 2025 ஜனவரில செத்த ஆமைங்க நூத்துக்கணக்குல ஒதுங்குச்சு, அந்த மாதிரி ஏதாவது கெடந்தா எந்த நாயும் வாய் வைக்கத்தான் பாக்கும். அதனால அந்த மாசங்கள்ல மணல்ல கயித்தை அவுக்கவே கூடாது, முடிஞ்சா ரோட்டோரமாவே நடங்க. உங்க குரூப்ல யாராவது "பாவம், ஓடட்டுமே"ன்னு அவுத்து விட்டாங்கன்னா புதுசா வந்தவதானேன்னு சும்மா இருக்காதீங்க, சொல்லுங்க.

தெருநாய்ங்க இருக்கற எடத்துலயும் ஜாக்கிரதை. ஏழெட்டு நாய் மொத்தமா அதுங்க தெருவுக்குள்ள நுழைஞ்சா அதுங்களுக்குக் கோவம் வரத்தான் செய்யும், வேற வழியா போறதே நல்லது. அதுங்களை விரட்ட கல்லத் தூக்கறவங்க கூட நடக்காதீங்க, மிளகும் அங்கருந்து வந்தவதான்.

ரெண்டு மாசம் இப்படிப் பண்ணியும் அதே குரைப்புன்னா, இல்ல நேத்து வரைக்கும் நல்லா இருந்தவ திடீர்னு உறுமறான்னா, காது சீழ், பல்லு வலி, இடுப்பு வலி ஏதாவது இருக்கான்னு டாக்டர்கிட்ட காமிச்சுடுங்க. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரில காலைல சீக்கிரமே போயிடுங்க, லேட்டானா கூட்டம் சேர்ந்துடும்.